இரண்டாவது சிடி

சென்ற ஆண்டு மழை ஓய்ந்து, டூரிஸ்ட் கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அந்தமானில், ஹேவ்லாக் தீவில் நடந்தது இது. போர்ட் பிளேரில் ஒரே பள்ளியில் படித்த நாங்கள் நான்கு பேர், ஒரு பழைய வீடியோ கேமை விளையாடுவதற்காக அங்கே கூடினோம். நாற்பதைத் தாண்டிய ஆண்கள் கேம் விளையாடக் கப்பல் ஏறிப் போவதாவது என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பேச்சைக் கேட்டு நான் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

அந்தக் கேமைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் அது ரொம்பப் பிரபலம். பாதாளத்தில் புதைந்த ஒரு நகரத்துக்குள் ஒருவன் இறங்குவான். அவனோடு அவன் தோழியும் வருவாள். தாவுவது, தொங்குவது, சுவரில் இருக்கும் லீவரை இழுத்துக் கதவைத் திறப்பது, பாய்ந்து வரும் மிருகங்களைச் சுடுவது என்று போகும். இன்றைய பிள்ளைகள் பார்த்தால் கட்டம் கட்டமான அந்த முகங்களைக் கண்டு சிரிப்பார்கள். எங்களுக்கு அதுதான் உலகம்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. பாராடாங் தீவில் படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு டீக்கடை. படிப்புக்காக என்னைப் போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருந்த சித்தப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். அடுத்த தெருவில் ஒரு தமிழ் காண்ட்ராக்டர் வீடு. அவர் மகன் என் வகுப்பு. அந்த வட்டாரத்திலேயே கம்ப்யூட்டர் இருந்தது அவன் வீட்டில்தான் என்பதால், அவனோடு சண்டை போட எங்களில் யாருக்கும் தைரியம் கிடையாது. எங்கள் கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர். ஒருவன் தெலுங்குக்காரன், அவன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. இன்னொருவன் ஹேவ்லாக்கிலிருந்து வந்து மாமா வீட்டில் தங்கிப் படித்த பெங்காலி. நாலு பேரும் சேர்ந்தால் இந்திதான். காண்ட்ராக்டர் மகனும் நானும் மட்டும் இருக்கும்போது தமிழ், அதிலும் பாதி இந்தி.

கேம் இரண்டு சிடியாக வந்தது. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் சென்னையிலிருந்து வாங்கி வந்த டப்பாவில் முதல் சிடி மட்டும்தான் இருந்தது. சில மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விளையாடி முதல் சிடியை முடித்தோம். கடைசியில் ஒரு பெரிய கல் கதவு இறங்கும். ஹீரோ இந்தப் பக்கம், தோழி அந்தப் பக்கம். அவள் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்கும். உடனே திரை கறுத்து, ‘இரண்டாவது சிடியைப் போடவும்’ என்று எழுத்து வரும். எங்களால் போட முடியாது.

தீவில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறினால், தெருவே வந்து ஆளுக்கொரு சாமான் சொல்லி அனுப்பும். மிக்ஸி பிளேடு, மூக்குக் கண்ணாடி, கல்யாணப் புடவை, எல்லாம் அப்படித்தான் வந்தன. நாங்களும் போகிறவர் எல்லாரிடமும் இரண்டாவது சிடியைச் சொல்லிவிட்டோம். ஒருவர் டைப்பிங் கற்றுத்தரும் சிடியை வாங்கி வந்தார். இன்னொருவர் பக்திப் பாடல் சிடியோடு வந்து, “சிடின்னா சிடிதானே தம்பி” என்று எங்களையே திட்டினார்.

அந்த நேரத்தில்தான் எனக்குச் சென்னை போகும்படி ஆயிற்று. அம்மாவுக்கு ரொம்ப நாளாக வயிற்றில் வலி. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இங்கே முடியாது, மெயின்லேண்டுக்குக் கொண்டு போங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கர்ப்பப்பையில் வியாதி. அதன் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு என் தங்கையைக் கட்டிக்கொடுப்பது கஷ்டம் என்று அப்பா பயந்தார். “எவன் கேட்டாலும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறோம்னு சொல்லு. மூச்சு விடக் கூடாது” என்றார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. சீட்டைப் படிக்க, மருந்துக்கு ஓட ஓர் ஆள் வேண்டுமென்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தங்கை சித்தி வீட்டில் இருந்துகொண்டாள்.

சிநேகிதர்களிடம் சென்னையில் கசின் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். மூவரும் குதித்தார்கள். சென்னையில் சிடி விற்கிற தெருவுக்குப் போகும் வழியைக் காண்ட்ராக்டர் மகன் எனக்கு மனப்பாடம் செய்து வைத்தான்.

ஆஸ்பத்திரியில் அம்மா இருந்தது பெண்கள் வார்டு. சாயங்காலம் மட்டும்தான் எங்களை உள்ளே விடுவார்கள். வாசலில் ஒரு வாட்ச்மேன் நிற்பார். பாஸைக் காட்டினாலும் ஏற இறங்கப் பார்த்து, ஏதாவது ஒரு கேள்வி கேட்டுத்தான் விடுவார். நீளமான வராந்தா, திரும்பினால் இன்னொரு வராந்தா. கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை. உள்ளே போனால் அம்மா, கையில் ட்ரிப்ஸ் சொட்டிக்கொண்டிருக்கும். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிடுவார். இருவரும் அதிகம் பேச மாட்டார்கள்.

ஒருநாள் அம்மாவே பேச்சைத் தொடங்கினாள். அந்தக் கம்ப்யூட்டர் வீட்டில் அப்படி என்னதான் செய்வீர்கள் என்று கேட்டாள். நான் முதல் சிடியின் கதையை முழுதாகச் சொன்னேன். கல் கதவு இறங்கியதும் நிறுத்தினேன்.

“அப்ப அந்தப் புள்ள உள்ளயே கெடக்கா?” என்றாள் அம்மா. “பாவம்டா. அவளுக்கு யாரு சோறு குடுப்பா?”

கேம் விளையாடிய அத்தனை நாளில் எங்களுக்குத் தோன்றாத கேள்வி அது. அதெல்லாம் இரண்டாவது சிடியில் வரும் என்றேன். அப்பாவிடம் காசு வாங்கிப் போய் அந்தச் சிடியை வாங்கி வரச் சொன்னாள். நாளைக்குப் போகிறேன் என்றேன். “சரி, அதுவரைக்கும் நீயே சொல்லேன். உனக்குத் தெரியாததா?” என்றாள்.

அப்படித்தான் இரண்டாவது சிடி தொடங்கியது. நாளுக்கு ஓர் அறை. கற்பனைக்கு நான் எங்கேயும் போகவில்லை. பாஸ் இல்லாதவனை விழுங்குகிற ராட்சசனை வாசலில் நிறுத்தினேன். அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால்தான் உள்ளே போகலாம். சாயங்காலம் மட்டும் திறக்கிற கதவு வைத்தேன். கையை நீட்டினால் நகர்ந்து போகிற பச்சைச் சுவர். மேலேயிருந்து சொட்டும் தண்ணீர் நிற்பதற்குள் கடந்துவிட வேண்டிய அறை. அம்மாவுக்கு எதிலிருந்து எடுக்கிறேன் என்று புரிந்துவிட்டது. வாட்ச்மேன் ராட்சசன் வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்ததால் வலித்து, அப்பா என்னைத் திட்டினார்.

அவள் ஒவ்வொரு நாளும் கேட்பது ஒன்றுதான். “இன்னும் எத்தன கதவுடா? அந்தப் புள்ளய வெளிய கொண்டாந்து விட்டுரு.” நான் விடவில்லை. ஒரு கதவு திறந்தால் பின்னால் இன்னொரு கதவு வைத்தேன். நாளைக்கும் நான் வந்து சொல்ல ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கதை பாதியில் இருக்கும்போது அம்மாவுக்கு எதுவும் ஆகாது என்று அந்த வயதில் எப்படியோ நம்பிவிட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் போனபோது பச்சைத் திரையை நாலு பக்கமும் இழுத்து மூடியிருந்தார்கள்.

மூன்று நாள் கப்பலில் அம்மாவைத் தீவுக்குக் கொண்டு போவது ஆகிற காரியம் இல்லை. சென்னையிலேயே தகனம் செய்தோம். ஒரே மகன் என்பதால் நான்தான் கொள்ளி வைத்தேன். தலையை மழித்தார்கள். சாம்பலை ராமேஸ்வரத்தில் கரைத்துவிட்டு, ராமநாதபுரம் பக்கத்தில் எங்கள் பூர்வீக ஊரில் காரியத்தை முடித்துவிட்டு, அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்து திரும்பினோம். கப்பலில் அப்பா என்னோடு பேசிய வார்த்தைகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

போர்ட் பிளேரில் கப்பல் வந்து நிற்கும் ஹாடோ ஜெட்டி வாசலில் மூவரும் சைக்கிளோடு நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் ஓடிப்போய் அழுதுவிடலாம் என்றுதான் நடந்தேன்.

எங்கள் தீவில், மொட்டைத் தலையோடு கப்பலிலிருந்து ஒருவன் இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மெயின்லேண்ட் போய் வருவது லேசில் நடக்காது. அதனால் போகிறவர்கள் எந்த வேலைக்குப் போனாலும், திருப்பதியோ பழனியோ போய், பல வருட வேண்டுதலையும் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு கப்பலிலும் நாலு மொட்டையாவது இறங்கும். பார்க்கிறவர்கள் பிரசாதம் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

காண்ட்ராக்டர் மகன் ஓடி வந்து என் தலையைத் தடவினான். “டேய் டக்லூ! திருப்பதியா, பழனியா?” பெங்காலி என் பையைப் பிடித்து இழுத்து, “லட்டு கஹாங் ஹை?” என்றான். தெலுங்குக்காரன் நேராக விஷயத்துக்கு வந்தான். “சிடி மிலா க்யா?”

அப்பா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். மூச்சு விடக் கூடாது என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அம்மா போய்விட்டாள் என்றால் எதனால் என்று கேட்பார்கள். நான் “திருப்பதி” என்றேன். சிடி கிடைக்கவில்லை, ஆனால் கசின் வீட்டில் இருந்தது, அங்கேயே விளையாடி முடித்துவிட்டேன் என்றேன்.

அவ்வளவுதான். அம்மாவுக்குச் சொன்ன அறைகளை அவர்களுக்கும் சொல்ல ஆரம்பித்தேன். காண்ட்ராக்டர் வீட்டு மொட்டை மாடியில் தினமும் சபை கூடும். வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் என்னைச் சுற்றி வந்த காலம் அது. நான் பெரிய ஆளாகிவிட்டேன். பரீட்சை நெருங்கியதும் கதையை முடிக்கச் சொல்லி நச்சரித்தார்கள். ஒருநாள் ஹீரோ அவளை வெளியே கொண்டுவந்து கப்பலில் ஏற்றிவிட்டான் என்று முடித்தேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து சித்தப்பா வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அம்மா முன்பெல்லாம் பாராடாங்கிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொண்டு வருவாள். இவர்கள் மூவரும்தான் முக்கால்வாசியைத் தின்பார்கள். அதற்குப் பிறகு அதிரசம் வரவில்லை. ஏன் என்று ஒருவன் ஒரே ஒரு தடவை கேட்டான். அம்மாவுக்கு முடியவில்லை என்றேன், அதோடு விட்டுவிட்டான். பெரியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். அவர்கள் பிள்ளைகளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்தாவது முடிந்ததும் காண்ட்ராக்டர் மகன் மெயின்லேண்ட் போய்விட்டான், பெங்காலி ஊருக்கே திரும்பிவிட்டான், நாங்கள் கலைந்துவிட்டோம்.

பிறகு போன் வந்தது, வாட்ஸ்அப் வந்தது. காண்ட்ராக்டர் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவன் எங்கள் நால்வருக்கும் ஒரு குரூப் ஆரம்பித்து, அதற்கு ‘செகண்ட் சிடி’ என்றே பெயர் வைத்தான். தெலுங்குக்காரன் அவன் அப்பாவைப் போலவே துறைமுகத்தில் சேர்ந்துவிட்டான். பெங்காலி ஹேவ்லாக்கில் சின்னதாக ஒரு ரிசார்ட் நடத்துகிறான். நான் போர்ட் பிளேரில் ஓர் அலுவலகத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடலுக்கு அடியில் கேபிள் போட்டுத் தீவுக்கு வேகமான நெட் வந்த பிறகு, எங்களுக்கும் எல்லாம் டவுன்லோடு ஆக ஆரம்பித்தது. அந்தப் பழைய கேமை இப்போது புது மெருகு போட்டு மறுபடி விற்கிறார்கள். பெங்காலி அதை ரிசார்ட் டிவியில் ஏற்றிவிட்டு, லீவில் வரும் பெங்களூர்க்காரனோடு எல்லாரும் வாருங்கள், சேர்ந்து முடிப்போம் என்று கூப்பிட்டான். என் குட்டு உடையப் போகிறது என்று எனக்குத் தெரியும். அதற்காக நான் பயப்படவில்லை. உடையட்டும், அந்தச் சாக்கில் அம்மாவைப் பற்றியும் இவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், தங்கைக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பெரிதாகிவிட்டன, இனி யாருக்காக மறைக்க வேண்டும்? உண்மையைச் சொல்லப் போனால், அவர்களாகவே கேட்பார்கள் என்றும் எனக்கு ஓர் ஆசை இருந்தது. உள்ளே அவ்வளவு வருடமாக ஒரு கோபம் இருந்தது. அவர்கள் கேட்டுவிட்டால் அது இறங்கிவிடும் என்று நினைத்தேன்.

ரிசார்ட்டில் அன்று வேறு யாரும் தங்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பொரித்த மீன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். இப்போதைய பதிப்பில் எந்தப் பகுதியை வேண்டுமானாலும் நேராகத் திறக்கலாம். இரண்டாவது சிடியின் தொடக்கத்தைத் திறந்து, “உஸ்தாத், து கேல்” என்று கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தார்கள். குருவே, நீயே விளையாடு என்கிறார்கள்.

அது லோடு ஆகிற நேரத்தில் ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். பாஸ் கேட்கிற ராட்சசன் வரட்டும், அவனைப் பார்க்கத்தான் இத்தனை வருடம் காத்திருக்கிறேன் என்றான் பெங்காலி. சாயங்காலம் மட்டும் திறக்கிற கதவு எத்தனாவது என்று தெலுங்குக்காரன் கேட்டான். அது இரண்டாவது, அதற்குப் பின்னால் பச்சைச் சுவர், அப்புறம்தான் தண்ணீர் சொட்டுகிற அறை என்று காண்ட்ராக்டர் மகன் வரிசை பிசகாமல் ஒப்பித்தான். தன் பிள்ளைகளைத் தூங்கவைக்க இந்த அறைகளைத்தான் கதையாகச் சொன்னானாம்.

அம்மா கிடந்த வார்டை ஒரு மூலை விடாமல் இவர்கள் மூவரும் மனதில் வைத்திருக்கிறார்கள். கட்டிலில் கிடந்தவளை மட்டும் யாருக்கும் தெரியாது.

கேம் தொடங்கியது. கல் கதவு, அதன் முன்னால் ஹீரோ. அந்தப் பக்கம் அவள் தட்டுகிற சத்தம். இடது கைப்பக்கம் சுவரில் ஒரு லீவர் இருந்தது. போய் இழுத்தேன். கதவு மேலே போயிற்று. அவள் சட்டையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே வெளியே வந்து, ஏதோ இங்கிலீஷில் கிண்டலாகச் சொன்னாள். அவ்வளவுதான். ராட்சசனும் இல்லை, பச்சைச் சுவரும் இல்லை. ஒரே ஒரு லீவர்.

மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்து வெடித்துச் சிரித்தார்கள். பெங்காலி சோபாவிலிருந்து தரையில் விழுந்து புரண்டான்.

“அடப்பாவி, ஃபிராடு!” என்றான் காண்ட்ராக்டர் மகன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே. “ஒரே லீவர்டா! இதுக்கா மாசக்கணக்குல அவள உள்ளயே போட்டு வச்சிருந்தே? திருப்பதி சாமிகிட்ட பொய் சொல்றதுக்குத்தான் வேண்டிக்கிட்டு வந்தியா?”

நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். என் கண் திரையிலேயே இருந்தது. அந்தப் பெண் அலுங்காமல் குலுங்காமல் நின்று, மூச்சு விட்டுக்கொண்டு, அடுத்து எங்கே போகலாம் என்று காத்திருந்தாள். எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

காண்ட்ராக்டர் மகன் போனைத் துழாவி ஒரு பழைய போட்டோவை எடுத்துக் காட்டினான். மொட்டை மாடியில் நாங்கள் நால்வர். என் தலையில் முடி அரும்பியிருக்கிறது. மூவரும் சேர்ந்து என் தலையில் கை வைத்திருக்கிறார்கள். என் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துமா இவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றிருந்தது.

அப்போதுதான் தெலுங்குக்காரன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, நல்ல மனதோடுதான் கேட்டான். “ஆன்ட்டி கைசி ஹைங்? நல்லா இருக்காங்களா? அவங்க அதிரசம் மாதிரி நான் அப்புறம் எங்கயும் சாப்பிடல.”

“அம்மா அப்பவே போயிட்டாங்க” என்றேன். “அந்தச் சென்னை பயணத்துல. இந்த மொட்டை அதுக்குப் போட்டது.”

பெங்காலி தரையிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். போட்டோவில் இருந்த மொட்டையை மறுபடி ஒருதரம் பார்த்தான்.

அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நான் பல வருடமாக மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் எதுவும் நடக்கவில்லை. காண்ட்ராக்டர் மகன் முகம் சிவந்து என் மேல் பாய்ந்தான்.

“ஏன்டா சொல்லல? நாங்க உனக்கு யாரு? தினம் என் வீட்ல சாப்டுட்டு, என் மாடியில உக்காந்துகிட்டு, எப்படிடா மறைச்சே? எங்கள என்னன்னு நெனச்சே நீ?”

சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டான். நடிப்பு இல்லை, நிஜமான அழுகை. தான் அன்றைக்குத் தலையைத் தடவிச் சிரித்ததை நினைத்து நினைத்து அழுதான். பெங்காலி, “சாரி பாய், சாரி பாய்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தெலுங்குக்காரன் எழுந்து வராந்தாவுக்குப் போய், கடலைப் பார்த்து நின்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காண்ட்ராக்டர் மகன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பரவாயில்லைடா, சின்னப் பசங்கதானே, உங்களுக்கு எப்படித் தெரியும், நான்தானே சொல்லவில்லை, விடு என்றேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வராந்தாவுக்குப் போய்த் தெலுங்குக்காரனைத் தோளைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். மூவரையும் தேற்றி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. என் அம்மா எப்படிப் போனாள், எத்தனை நாள் கஷ்டப்பட்டாள், கடைசியில் என்ன சொன்னாள் என்று கேட்க ஒருவனுக்கும் வாய் வரவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வந்த கேள்வி. குற்றவாளி நான்தான் என்று ஆகிவிட்டது.

அந்த அறைகள் எங்கிருந்து வந்தன என்பதை நான் சொல்லவில்லை. சொல்லத்தான் போயிருந்தேன். அதையும் சொன்னால் இன்னொரு தடவை இவர்களைத் தேற்ற வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், காண்ட்ராக்டர் மகன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கன்ட்ரோலரை எடுத்தான். மற்றவர்களும் டிவி பக்கம் திரும்பினார்கள். மிச்சக் கேமை விளையாடினார்கள். நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை அதில். வழி நெடுகச் சுடுவதும், கடைசியில் ஒரு பெரிய மிருகத்தைக் கொல்வதும்தான். இதற்காகவா மாசக்கணக்கில் கப்பலுக்குக் கப்பல் சொல்லி அனுப்பினோம் என்று பெங்காலி மெதுவாகச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை போர்ட் பிளேர் திரும்பும் படகில் ஏறியதும் என் போன் ஓயாமல் அதிர்ந்தது. காண்ட்ராக்டர் மகன் மனம் தாளாமல், எங்கள் பள்ளி பேட்ச் முழுவதும் இருக்கும் பெரிய குரூப்பில், என் அம்மா காலமான செய்தியை இங்கிலீஷில் உருக்கமாக எழுதிப் போட்டிருந்தான். எப்போது என்பதை எழுத மறந்துவிட்டான். வரிசையாகக் கும்பிடுகிற கை. வரிசையாக ‘ஓம் சாந்தி’. ஒருத்தி, அம்மாவை நேற்றுத்தான் மார்க்கெட்டில் பார்த்தது போல இருக்கிறது என்று எழுதியிருந்தாள். இன்னொருவன் போனே செய்துவிட்டான். “பாடிய எங்க வச்சிருக்கீங்க? எப்போ எடுக்கறாங்க? நான் ஆபீஸ்ல லீவ் சொல்லிட்டு வந்துடறேன்” என்றான்.

என்ன சொல்வது? எல்லாம் முடிந்துவிட்டது, வர வேண்டாம் என்றேன். இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டு வருத்தப்பட்டான். அவனுக்கும் ஆறுதல் சொன்னேன்.

படகு கரை சேரும்வரை ஒவ்வொருவருக்கும் நன்றி, நன்றி என்று டைப் செய்துகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று இந்தியில் கேட்டாள். இல்லை என்றேன்.

இப்போது அந்த நால்வர் குரூப்பில் யாரும் அதிகம் பேசுவதில்லை. அம்மா நினைவு நாள் எப்போது என்று காண்ட்ராக்டர் மகன் தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்டான், சொன்னேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அது எனக்குத் தெரியும். பதினைந்து வயதில் அம்மாவைப் பறிகொடுத்துவிட்டுக் கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு யாரும் துக்கம் கேட்கவில்லை என்பது இருபது வருடத்துக்கு மேல் எனக்கு ஆறாத மனக்குறை. இப்போது எல்லாரும் கேட்டுவிட்டார்கள், வந்தவர்களை எல்லாம் தேற்றி அனுப்பியும் விட்டேன், ஆனால் எனக்காக அழ எனக்கு இன்னும் ஓர் இடம் கிடைக்கவில்லை.